எங்கிருந்து பார்க்கிறோம்?

ஏப்ரல் பிறந்தால் கொழும்பே நுவரெலியாவுக்கு ஏறி வந்துவிட்டதோ என்று தோன்றும். கிரகரி வாவியில் படகு, மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், செங்கல் தபால் நிலையத்தின் முன்னால் ஒரு படம், சீதாஎலிய கோவிலில் ஒரு கும்பிடு, ஹக்கல பூங்காவில் ஓர் உலா, இருள் பிரியுமுன் ஹோர்ட்டன் சமவெளிக்குப் புறப்பட்டு உலக முடிவின் விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்க்கையில் ஒரு நடுக்கம். பார்க்க வேண்டியவை எவை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் இந்த இடங்களுக்கு நடுவே, வண்டி திரும்பும் ஒவ்வொரு வளைவிலும், நம் கண்ணை நிறைப்பது வேறொன்று. அதற்கு நுழைவுச் சீட்டு கிடையாது. மலைமலையாகத் தேயிலை. ஊர் திரும்பிய பிறகு நினைவில் தங்குவதும் அந்தப் பச்சைதான். இயற்கை இவ்வளவு அழகா என்று வியக்கிறோம்.

அந்த வியப்பைச் சற்றே நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது. தேயிலையை அதன் போக்கில் விட்டால் முப்பதடிக்கு மேல் மரமாக ஓங்கும். அது இடுப்பளவில் நிற்பது, கொழுந்தெடுக்கும் பெண்ணின் கை எட்ட வேண்டும் என்பதற்காக. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, வாரம் தவறாமல் கொழுந்து கிள்ளி, சரிவில் மண் கரைந்து போகாமல் கான் வெட்டி, புல் பிடுங்கி அந்த மட்டத்தைக் காத்துவருகிறார்கள். தொலைவிலிருந்து நாம் ரசிக்கும் ஒரே சீரான பசுமை, ஒரு மனித உடலை அளவுகோலாகக் கொண்டு வெட்டப்பட்டது. உலக முடிவின் செங்குத்துப் பாறை மனிதர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கேயே நிற்கும். தேயிலை மலைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. கை விலகிய சில ஆண்டுகளில் புதர் மூடிவிடும். 'மலை காடாப் போச்சு' என்று தோட்டத்தில் சொல்வார்கள். காட்டைத் தேடி மலையேறும் நகரத்து மனிதருக்கு அந்த வருத்தம் விளங்குவது எளிதல்ல.

1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்பதை வழிகாட்டிகள் தவறாமல் சொல்கிறார்கள். மண்ணைக் கொத்திக் குழி தோண்டிய கைகள் அந்தக் கதையில் வருவதில்லை. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, கோப்பித் தோட்டங்களுக்காக, தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களிலிருந்து ஆட்கள் புறப்பட்டுவிட்டார்கள். இராமேசுவரக் கரையின் வெயில், படகு, மன்னார். பிறகு மாத்தளை வரை காட்டுவழி நடை. கொதிக்கும் அந்த எல்லைக் கரையைக் கடந்து குளிரை நோக்கி நடந்தவர்களில் எத்தனையோ பேர் பசியிலும் கொள்ளைநோயிலும் வழியிலேயே விழுந்தார்கள். கோப்பியை இலைநோய் தின்று தீர்த்தபோது பயிர் மாறியது, ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி மாறவில்லை, கடனும் மாறவில்லை. 2023-இல், அந்த வருகையின் இருநூறாண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் மறுபடி நடந்து வந்தார்கள். நாம் வாகனத்தில் சில மணி நேரத்தில் கடக்கும் அந்தத் தூரத்தைக் கால்களுக்கு நினைவூட்ட அவர்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது.

நிலத்தை எப்படிப் பார்ப்பது என்பதை நம் மரபு ஆழ்ந்து யோசித்திருக்கிறது. தொல்காப்பியம் நிலக்காட்சியை முதல், கரு, உரி என்று மூன்றடுக்காக வைத்து நோக்குகிறது. நிலமும் பொழுதும் முதல். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் ஆகியவை கரு. அந்நிலத்து மனிதரின் அகவாழ்வு உரி. முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்தவை என்பது அந்நூலின் உரைகாரர் சிலர் கொண்ட துணிபு. சுற்றுலா இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. முதலை விற்கிறது, கருவில் கண்ணுக்கு இதமான சிலவற்றைச் சேர்த்துக்கொள்கிறது, உரியை விட்டுவிடுகிறது. மலையகத்தில் கருப்பொருளுக்கு ஒரு குறையுமில்லை: அதிகாலைப் பெரட்டுக்கு ஆளழைத்த தப்பு, ரொட்டியும் சம்பலும், மாசியில் காமன் கூத்து, கொழுந்துக் கூடை. உரி எது? குறிஞ்சிக்குக் கூடலை வகுத்தார்கள் பழையவர்கள். மனிதர் உண்டாக்கிய இந்தக் குறிஞ்சிக்கோ, பாலைக்கு உரிய பிரிவைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தது. ஒரே லயத்து வரிசைவீட்டில் அண்ணனுக்கு ஒரு நாடும் தங்கைக்கு ஒரு நாடுமாயின. இந்தியாவுக்கென்று ஒதுக்கப்பட்டவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலை மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். போகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் உயிரோடு இருக்கும்போதே ஒருவருக்கொருவர் ஒப்பாரி வைத்துக்கொண்ட மேடைகள் அந்த ஸ்டேஷன்கள். இன்று அதே தண்டவாளத்தில் பயணம் செய்வதற்கென்றே உலகின் மறுகோடியிலிருந்து வருகிறார்கள். மிதிபலகையில் சாய்ந்து படமெடுக்கிறார்கள். சிங்கமலைச் சுரங்கம் வந்தால் கூவுகிறார்கள். கூவட்டும். மகிழ்ச்சியைக் குற்றமாக்கும் அறத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. கப்பலேறிப் போனவர்களில் பலர் கடைசியில் நீலகிரியில் டான்டீ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும், உதகைக்கு வருகிறவர்கள் அங்கும் அந்தப் பச்சையை வண்டியை நிறுத்திப் படமெடுக்கிறார்கள் என்பதையும் மட்டும் இங்கே சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

பிறகு, பங்களாக்கள். தோட்டத்துத் துரை தன் வீட்டுக்கு எப்போதும் மேட்டைத்தான் தேர்ந்தெடுத்தார். லயங்கள் பள்ளத்திலும் ஒதுக்குச் சரிவிலும் சுவரோடு சுவர் ஒட்டிய காம்பராக்களாக நின்றன. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குமோ அந்தப் பக்கம். மேட்டிலிருந்து தெரிந்தது இயற்கைக் காட்சி மட்டுமன்று. எந்த மலையில் எந்தக் கங்காணியின் ஆட்கள் நிற்கிறார்கள், எந்த நிரை பின்தங்குகிறது என்பதெல்லாம் தெரிந்தது. அந்தப் பார்வைக்குப் பதில் பார்வை கிடையாது. கீழே இருப்பவர் தலைநிமிர்ந்து பார்த்தால் அது திமிர் என்று கொள்ளப்பட்டது. இன்று அந்தப் பங்களாக்களில் சில தங்கும் விடுதிகளாகிவிட்டன. காலைத் தேநீரோடு புல்தரையில் வந்து நின்று, பனி விலகும் பள்ளத்தாக்கில் வண்ணப் புள்ளிகளாக அசையும் பெண்களைப் பார்த்து நாம் மனம் நெகிழ்கிறோமே, அப்போது நம் கால் பதிந்திருக்கும் இடம் துரையின் கால் பதிந்த இடம்தான். அவருடைய கொடுமை நம்மிடம் இல்லாமல் இருக்கலாம். அவருடைய கோணம் நமக்குச் சேர்ந்துவிட்டது.

பார்த்தல் என்பது கண்ணின் செயலென்று நாம் நம்பியிருக்கிறோம். அது நிற்கும் இடத்தின் செயலாகவும் இருக்கிறது. உயரம் விரிவைத் தருகிறது, முகத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு பெண்ணின் முதுகு வலி, அட்டைக் கடி, மழையில் நனைந்த படங்குச் சாக்கின் கனம், பல தோட்டங்களில் முழுநாள் சம்பளத்துக்கான முழுப்பேர் விழுவதற்கு நிறுக்க வேண்டிய 18 கிலோ கொழுந்து, இவையெல்லாம் தொலைவில் ஒரு நிறமாகிவிடுகின்றன. அந்த நிறத்தைத்தான் நாம் அழகென்று பெயரிட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறோம். ஆகவே அழகு பொய் என்றாகாது. உழைப்பில் பிறந்த அழகு, உழைத்தவரை மறைக்கும் அளவுக்கு நேர்த்தியாகிவிடும்போது, அதைத் துய்ப்பவருக்கு ஒரு கடன் ஏற்படுகிறது என்பதே என் எண்ணம். அந்தக் கடன் இரக்கத்தால் அடைவதன்று, கூடைக்காரப் பெண்ணைப் படத்துக்கு நிறுத்திவிட்டுக் கையில் திணிக்கும் நோட்டால் அடைவதுமன்று, ஏனெனில் இரக்கமும் மேட்டிலிருந்தே கீழே இறங்குகிறது, கொடுப்பவரை இருந்த இடத்திலேயே இருத்துகிறது. கண்டது எவரால் ஆனதென்று அறிந்து, அவரை நம்மோடு சமமாக நின்று அதே மலையைப் பார்க்கும் இன்னொரு பார்வையாளராக ஏற்றுக்கொள்ளும் வரை, நாம் எத்தனை ஊர் சுற்றினாலும் உலகத்தின் மேற்பரப்பைத்தான் தடவிக்கொண்டிருப்போம்.

இன்னொரு பார்வையாளர் என்றது வெறும் கற்பனையல்ல. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்புக் கடைகளிலிருந்து ஊர் திரும்பும் தோட்டத்துப் பிள்ளைகள் தம்பி தங்கைகளைக் கூட்டிக்கொண்டு கிரகரி வாவிக்கு வருகிறார்கள், படகேறுகிறார்கள், படமெடுக்கிறார்கள். பருவம் தொடங்கினால் லயத்து ஆத்தாக்கள் சிவனொளிபாத மலை ஏறுகிறார்கள். தலவாக்கலை மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை இந்த மலைகளைக் கவிதையில் பார்த்தார். அவர் கண்டதில் மனிதர் புள்ளிகளாக இல்லை. மஸ்கெலியா பக்கத்து மவுசாக்கலை நீர்த்தேக்கத்தை நாம் பார்ப்பது ஒரு விதம். வறட்சியில் நீர் வற்றி, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் தலைகாட்டும்போது கரையில் வந்து நிற்கும் முதியவர் பார்ப்பது வேறு விதம். அவருக்கு அங்கே காட்சி இல்லை, தெரு இருக்கிறது.

2024-இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். 2003-க்குள் குடியுரிமைச் சிக்கல் சட்டத்தளவில் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும், லயம் நிற்கும் மண்ணுக்கு உறுதி கையில் இல்லாத குடும்பங்களே மிகுதி. மலையைச் செய்தவருக்கு மலையில் இடமில்லை என்பதைப் பார்க்காமல் மலையைப் பார்த்தேன் என்று சொல்வதற்கு நமக்கு உரிமை இல்லை.

அடுத்த முறை போகும்போது பட்டியலில் ஓர் இடத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகாக் தோட்டத்தில், ஒரு பழைய லயத்தையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். தொழிலாளர் புழங்கிய பொருள்களை அவர்கள் குடியிருந்த காம்பராவுக்குள்ளேயே நின்று பார்க்கலாம். உள்ளே போனதும் வாசல் பக்கம் திரும்பி, அங்கிருந்து மலை எவ்வளவு தெரிகிறது என்றும் பாருங்கள். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிறவர்களுக்குக் கம்பளை வழியில்தான் இருக்கிறது.