கோலத்தை மிதிக்காமல்

மார்கழி மாதம் விடிகாலை நாலரை மணிக்கு ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியையும் உத்தர வீதியையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பனி, மப்ளர், பால்காரர் சைக்கிள், கோயில் பக்கமிருந்து மிதந்து வரும் திருப்பாவை எல்லாம் இருக்கும். இவற்றோடு வாசலுக்கு வாசல் குனிந்திருக்கும் பெண்கள். ஒரு வீட்டில் சிக்குக் கோலம், அடுத்த வீட்டில் தேர்க் கோலம், அதற்கடுத்ததில் கல்லூரியில் படிக்கும் பெண் காப்பியடித்து வரைந்த மயில் (கழுத்து மட்டும் கொஞ்சம் வாத்து). நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூ.

பார்க்க டிக்கெட் கிடையாது. போட்டவர் பெயர் கிடையாது. பத்து மணிக்குள் ஆட்டோவும் பசுமாடும் பாதியை அழித்துவிடும். மறுநாள் புதுசு.

முகம் தெரியாத யாரோ, முகம் தெரியாத நமக்காக, காசு வாங்காமல் செய்துவைத்த ஒன்றைப் பார்த்து சந்தோஷப்படுகிறோமே, அதற்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா? இல்லை, ‘வாசலில் கிடந்தது, பார்த்தேன்’ என்று போய்விடலாமா?

கேள்வி கோலத்தைப் பற்றியது மட்டும் இல்லை. எனக்கு இது தோன்றியதே இன்டர்நெட்டில் உலவிக்கொண்டிருந்தபோதுதான். கோலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நான் வலிய முடிச்சுப் போடுவதாக நினைக்க வேண்டாம். தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலங்களுக்கும் ஒரு இலக்கணம் உண்டு, அதைக் கணினி விஞ்ஞானத்தின் பாஷையில் எழுதலாம் என்று 1974-லேயே கட்டுரை வெளியிட்டுவிட்டார்கள்.

இன்டர்நெட்டிலும் வாசல்கள் இருக்கின்றன. சில சாம்பிள்கள் சொல்கிறேன்.

ஜாஷ் வொர்த் என்பவர் 2014-ல் ஒரு பக்கம் செய்தார். நிலா ஒரே ஒரு பிக்ஸல் அளவு, அதாவது திரையில் ஒரு புள்ளி, என்று வைத்துக்கொண்டு அதே விகிதத்தில் சூரிய மண்டலம் முழுவதையும் வரைந்துவிட்டார். சூரியனில் ஆரம்பித்து வலப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கறுப்பு. இன்னும் கறுப்பு. பூமி வருவதற்குள் விரல் வலிக்கிறது. வியாழனுக்குப் போவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும் போலிருக்கிறது. பிரபஞ்சத்தில் பெரும்பகுதி ‘ஒன்றுமில்லை’ என்று பள்ளிப் புத்தகம் சொன்னபோது புரியாதது விரல் வலியில் புரிகிறது.

நீல் அகர்வாலின் பக்கம் இதற்கு நேர்மாறு. கடலுக்குள் கீழே, கீழே, கீழே போகலாம். எந்த ஆழத்தில் எந்தப் பிராணி என்று படம் வந்துகொண்டே இருக்கும். ஏறக்குறைய 11 கிலோமீட்டர் ஆழத்தில்தான் தரை. மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்க நானூற்றுச் சொச்சம் படி ஏறி மூச்சு வாங்குகிறவர்கள் இதை ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம்.

கேமரன் பெக்காரியோ என்பவர் 2013-ல் செய்த உலக வரைபடத்தில் இன்றைக்குக் காற்று எங்கிருந்து எங்கே வீசுகிறது என்று மெல்லிய கோடுகள் ஓடிக்கொண்டிருக்கும். ஆடி மாதத்தில் திறந்து பாருங்கள். அரபிக்கடலில் கிளம்பும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, சந்து கிடைத்த இடத்தில் புகுந்து, தமிழ்நாட்டுக்குள் வருவது தெரியும். அம்மியைத் தூக்கும் காற்றுக்கு முகவரி கிடைத்துவிட்டது.

நெதர்லாந்தில் 2016-ல் தொடங்கிய ‘ரேடியோ கார்டன்’ ஒரு பூமி உருண்டை. சுழற்றி, ஏதாவது ஒரு பச்சைப் புள்ளியில் நிறுத்தினால் அந்த ஊர் ரேடியோ அந்த நிமிஷத்தில் என்ன ஒலிபரப்புகிறதோ அது கேட்கும். பெரு நாட்டில் யாரோ பாஷை தெரியாமலே நம்மைச் சிரிக்கவைப்பார். 2020-ல் கொரோனாவால் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, சிங்கப்பூரில் ஒரு தம்பதி தொடங்கியது ‘விண்டோ ஸ்வாப்’. உலகத்தில் யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலின் வெளியே தெரிவதைச் சில நிமிஷம் பார்க்கலாம். மழை, ஒரு பூனை, எதிர்வீட்டில் காயும் துணி. அவ்வளவுதான். அது போதுமாக இருக்கிறது.

ஸ்டைல் என்றால் பளபளப்பு என்று அர்த்தமில்லை. 1998 பொங்கலன்று ஆரம்பித்த ‘மதுரைத் திட்டம்’ வலைத்தளத்தில் கண்ணைப் பறிக்கிற எதுவும் இருக்காது. ஸ்விட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரமும் பல நாடுகளில் சிதறியிருந்த தன்னார்வலர்களும் சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை தட்டச்சு செய்து, மெய்ப்பு பார்த்து, ஏற்றிவைத்தார்கள். எல்லாம் சம்பளமில்லாத ராத்திரி வேலை. மொய் எழுதாத கல்யாண விருந்து. என்னைக் கேட்டால் இதைவிட ஸ்டைலான தளம் தமிழில் குறைவு.

சரி, இவற்றையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

2000-களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. திருச்சி தில்லைநகரிலும் சத்திரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் ப்ளைவுட் தடுப்பு போட்ட பிரவுஸிங் சென்டர்கள். மணிக் கணக்கில் காசு என்பதால், போகும்போதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் முகவரிகளை எழுதிக்கொண்டு போவார்கள். நண்பன் சொன்னது, பத்திரிகையில் வந்தது, ஒன்றிலிருந்து தாவிப் பிடித்தது. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் திரும்பும்போது ‘டேய், அதைப் பார்த்தியா?’ என்பதுதான் பேச்சு. ஸ்டான்ஃபோர்டில் இரண்டு மாணவர்கள் 1994-ல் கையால் தொகுக்க ஆரம்பித்த யாஹூ பட்டியல் இருந்தது. 2014 கடைசியில் மூடிவிட்டார்கள். பட்டனை அமுக்கினால் எங்கேயோ கொண்டுபோய் விடும் ‘ஸ்டம்பிள்அப்பான்’ 2018-ல் கடையைக் கட்டியது.

இப்போது தேட வேண்டாம். தானாக வருகிறது. கட்டைவிரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. இந்த முடிவில்லாத உருட்டலை 2006-ல் வடிவமைத்த ஏஸா ரஸ்கின், பிற்பாடு அதற்காக வருத்தப்படுவதாகப் பகிரங்கமாகவே சொன்னார். அடுத்த பக்கத்துக்கு ‘க்ளிக்’ செய்கிற சிரமத்தை மிச்சப்படுத்துவதுதான் அவர் நோக்கம். மிச்சப்படுத்தியது அந்த ஒரு கணத்தை. ‘போதும், எழுந்திருக்கலாமா?’ என்று மனசு கேட்கிற கணமும் அதுவாகத்தான் இருந்தது.

இதைத் திட்டுவது சுலபம். ஆனால் எதிர்க்கட்சி சொல்வதையும் கேட்க வேண்டும். மேல உத்தர வீதியில் எனக்குத் தெரிந்த ஒரு மாமிக்கு எண்பது வயசு, இரண்டு முட்டியும் போச்சு. ‘கார்த்தால ஃபோனைத் தொறந்தா பெருமாள் தானா வரார். அப்பறம் உபன்யாசம் வரது. நான் எங்கே போய்த் தேடறது, சொல்லு?’ என்றார். பதில் சொல்ல முடியவில்லை. இன்ஜினீயரிங் படிக்கும் அவர் பேரன் இன்னும் கறார்: ‘அங்கிள், நல்லதுதானே வருது? நல்லது எந்த வழியா வந்தா என்ன?’

நியாயமான கேள்வி. வருவதில் நல்லதும் இருக்கிறது. அதனால் ‘தேடினால் உயர்ந்தது, ஊட்டினால் மட்டம்’ என்று தீர்ப்பு எழுத நான் தயாரில்லை. அம்மா ஊட்டியதைச் சாப்பிட்டுத்தான் எல்லாரும் வளர்ந்தோம்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஃபோனில் தானாக வருவது, நேற்று நான் எதைப் பார்த்தேன், எதில் எத்தனை விநாடி நின்றேன் என்ற கணக்கிலிருந்து வருகிறது. அதாவது, நேற்றைய என்னை அரைத்து இன்றைய எனக்குத் தோசையாக வார்க்கிறார்கள். ருசியாகத்தான் இருக்கும், என் மாவுதானே! கோலம் போட்ட பெண்மணிக்கு நான் யார் என்றே தெரியாது. நேற்று எந்த வாசலில் நின்றேன் என்று அவர் விசாரிக்கவில்லை. குறிப்பிட்டு யாருக்கும் இல்லாததால்தான் அது எல்லாருக்கும் ஆகிறது. அதன் முன்னால் நிற்கும்போது நான் ‘வாடிக்கையாளர்’ இல்லை, வெறும் வழிப்போக்கன். அந்த விடுதலை பெரிய விஷயம்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு கதை. குருபரம்பரையில் வருவது. காட்டுமன்னார்கோயிலில் நாதமுனிகள் இருந்தபோது யாத்திரிகர்கள் சிலர் வந்து குடந்தைப் பெருமாள் மேல் பத்துப் பாட்டுப் பாடினார்கள். கடைசிப் பாட்டில் ஒரு குறிப்பு: ஆயிரம் பாட்டில் இது ஒரு பத்து என்று. ‘மீதி தொள்ளாயிரத்துத் தொண்ணூறு எங்கே?’ என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கிளம்பிவிட்டார். சோழநாட்டிலிருந்து தாமிரபரணிக் கரையில் குருகூர் வரை. அங்கே மதுரகவியாழ்வாரின் பாசுரத்தை 12,000 முறை ஜபித்ததாகச் சொல்வார்கள். ஆயிரம் தேடிப் போனவருக்கு நாலாயிரம் கிடைத்தது.

பத்தாம் நூற்றாண்டுவாக்கில் ஒருத்தர் ஒரு ‘லிங்க்’கைப் பிடித்துக்கொண்டு போன கதை என்று இதை நான் படிக்கிறேன். எனக்கு முக்கியம் அதற்கப்புறம் அவர் செய்தது. கிடைத்ததைத் தன் பெட்டியில் பூட்டவில்லை. இசை அமைத்து மருமகன்கள் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த அரையர் மரபு இன்னமும் இருக்கிறது. பகல்பத்து, இராப்பத்து நாட்களில் ஸ்ரீரங்கத்தில் அரையர் சேவைக்கு நிற்கிறவர்கள், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு தேடலின் கடைசி வரிசையில் நிற்கிறார்கள்.

ஆக, கண்டுபிடித்தவனுக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. தானாக வந்ததில் அந்தப் பொறுப்பு தோன்றுவதில்லை. இன்னொருத்தருக்கும் தானாகவே வந்திருக்கும் என்று விட்டுவிடுகிறோம். பேரனின் கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இதுதான். நல்லது எந்த வழியாக வந்தாலும் நல்லதுதான். வந்த பிறகு நம்மை என்ன செய்யவைக்கிறது என்பதில்தான் வழி தெரியும்.

இதில் அவசரமும் இருக்கிறது. 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவிகிதம் பத்து வருஷத்தில் காணாமல் போய்விட்டன என்று அமெரிக்காவின் ப்யூ ஆராய்ச்சி மையம் 2024-ல் சொன்னது. லட்சக்கணக்கான சாதாரண ஜனங்கள் தங்கள் பூனைக்கும் தாத்தாவுக்கும் பக்கங்கள் போட்டுவைத்த ‘ஜியோசிட்டீஸ்’ தளத்தை யாஹூ 2009 அக்டோபரில் மூடியபோது, தன்னார்வலர்கள் ராப்பகலாக உட்கார்ந்து முடிந்தவரை நகல் எடுத்து வைத்தார்கள். மற்றது போனது போனதுதான். அந்தக் காலத்தில் செல்லரித்த ஓலைச்சுவடிகளை ஆடிப்பதினெட்டு அன்று பக்தியோடு ஆற்றில் விட்டுவிடுவார்களாம். உ.வே.சாமிநாதையர் அப்படிப் போனவற்றை நினைத்து நினைத்து வருந்தியிருக்கிறார். அம்மா மண்டபத்தில் பதினெட்டாம் பெருக்குக் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், எந்தெந்தக் காவியங்கள் எந்தெந்த ஆற்றோடு போயினவோ என்று தோன்றும். அவற்றை விட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. யாரோ வேறொருவர் வைத்திருப்பார் என்று நினைத்திருப்பார்கள்.

ஆகவே ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு என் பதில்: ஆமாம், கடன் இருக்கிறது. சின்னக் கடன்தான். கோலத்துக்கு நாம் செய்வதைச் செய்தால் தீர்ந்துவிடும். ஒன்று, மிதிக்காமல் நின்று பார்ப்பது. முழுசாக, அவசரமில்லாமல். இரண்டு, ஒருத்தருக்குச் சொல்வது. இருநூறு பேருக்கு ஃபார்வர்ட் செய்வது சொல்வதாகாது. அது கோலப்பொடியைத் தெரு முழுக்க இறைப்பது. இது யாருக்குப் பிடிக்கும் என்று யோசித்து, அந்த ஒருத்தருக்கு, ஏன் பிடிக்கும் என்று ஒரு வரி சேர்த்து அனுப்ப வேண்டும். மூன்று, பிடித்த பக்கத்தை ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ தளத்தின் வேபேக் மெஷினில் சேமிக்கச் சொல்வது. முகவரியை அதில் கொடுத்தால் போதும், ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். காசு இல்லை. நம் காலத்து உ.வே.சா. ஆவதற்கு மாட்டுவண்டியில் ஊர் ஊராக அலைய வேண்டாம்.

மாமிக்கு ஜன்னல்களைக் காட்டினேன். யாரோ ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ‘கொடில துணி நனையறதே, யாரும் எடுக்க மாட்டாளா?’ என்றார். எந்த ஊர் என்று கேட்கவில்லை. அப்புறம் பேரனைக் கூப்பிட்டு, ‘நம்மாத்து ஜன்னலையும் இதுல போட முடியுமாடா? வேப்பமரம் தெரியறாப்பல’ என்றார்.

நான்காவதாக ஒன்றும் உண்டு. பிடித்திருந்தால், செய்தவருக்கு ‘நன்றாயிருக்கிறது’ என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள். பதில் வராவிட்டால் வருத்தப்படாதீர்கள். கோலம் போட்டவர் அதற்குள் உள்ளே போய்க் காப்பிக்கு டிகாக்‌ஷன் இறக்கிக்கொண்டிருப்பார்.