கணக்கில் வராத காவல்

அக்கா மகளுக்கு 17 வயது. ஹைட்ரோசெபாலஸ் எனும் மூளைநீர்த் தேக்கத்துக்காகக் கைக்குழந்தையிலேயே அவள் தலையிலிருந்து வயிற்றுக்கு ஷண்ட் குழாய் வைத்தார்கள். இடையில் இரண்டு முறை மாற்றினார்கள். போன ஆண்டு அது மறுபடி அடைத்துக்கொண்டது. விடிந்தால் தலைவலி, வாந்தி. முதலில் பார்த்த மருத்துவர் பரீட்சை பயம் என்றார்; மாதவிலக்கு நாளா என்றும் கேட்டார். "இது அந்தத் தலைவலி இல்லை" என்று அவள் சொன்னாள், அக்காவும் சொன்னாள். மூன்றாம் நாள் ஸ்கேன் சொன்ன பிறகுதான் நம்பினார்கள்.

ஷண்டின் வரலாற்றில் தந்தையர் பெயர்கள் இருக்கின்றன. 1950களில் அமெரிக்காவில் மகன் கேசிக்காக வால்வு செய்தார் ஜான் ஹோல்டர். 1960இல் நியூயார்க்கில் டாக்ஸி மோதி மகன் தியோவின் தலையில் அடிபட்டபின், ஒரு பொறியாளரோடும் அறுவை மருத்துவரோடும் சேர்ந்து இன்னொரு வால்வை உருவாக்கினார் எழுத்தாளர் ரோல்ட் டால். அந்த அன்பு பெரிது. ஆனால் குழந்தைகளுக்கு வைக்கும் ஷண்டுகளில் ஏறக்குறைய பாதி, இரண்டு ஆண்டுகளுக்குள் பழுதாகின்றன. பழுதை முதலில் அறிபவர் குழந்தையின் தூக்கம் கூடுவதையும் பார்வை மாறுவதையும் கவனித்துக்கொண்டே இருப்பவர். அந்த வேலைக்கு யார் பெயரும் இடப்படவில்லை.

மூளைக்குள் நீர்ப்பாதை குறுகியதே இவளுடைய நோய்க்குக் காரணம். அதனால் புதுக் குழாய்க்குப் பதிலாக எண்டோஸ்கோப்பி அறுவை செய்தார்கள். மண்டையோட்டில் சிறு துளையிட்டுக் கருவியை நுழைத்து, மூன்றாம் நீரறையின் தரையில் ஒரு திறப்பை உண்டாக்கினார்கள். தேங்கிய நீர் அவ்வழியே வெளியேறி இயல்பாக உறிஞ்சப்படும். குழாய் தேவையில்லை. "இனி உனக்கு விடுதலை" என்றார் அறுவை மருத்துவர்.

ஆனால் அந்தத் திறப்பும் மூடிக்கொள்ளலாம். பெரும்பாலும் முதல் சில மாதங்களில். அரிதாகப் பல ஆண்டுகள் கழித்துத் திடீரென்று, உயிருக்கே ஆபத்தாக. இந்த அறுவையின் வெற்றி வாய்ப்பைக் கணிக்க மருத்துவர்களிடம் ஒரு மதிப்பெண் முறை உண்டு. வயது, நோயின் காரணம், முன்பு ஷண்ட் இருந்ததா ஆகிய மூன்றையும் அது கேட்கும். வீட்டில் கவனிக்க ஆள் உண்டா என்று கேட்காது. எப்படியும் ஒரு தாய் இருப்பாள் என்பதே எல்லோருடைய நினைப்பும்.

அப்படியானால் விடுதலை யாருக்கு? அக்கா இத்தனை ஆண்டுகளில் ஓர் இரவுகூட வெளியூரில் தங்கியதில்லை. இப்போது மகள் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும் என்கிறாள், அக்கா மறுக்கிறாள். அக்காவின் உழைப்பை மதிக்கும் நான், அந்த உழைப்பே மகளுக்குச் சிறையாகும்போது யார் பக்கம் நிற்பது? உடலைப் பற்றிய முதல் சொல் உடலுக்கு உரியவளுடையது. ஆனால் மயக்கம் தட்டினால் அவளால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. ஆகவே காவல் தேவை. அது ஒருத்தியின் தலையில் மட்டுமே இருக்க வேண்டும் என்பதுதான் அநியாயம். யார் காப்பது என்பதை அவளே தேர்ந்தெடுக்கலாம்.

சென்ற வாரம் அபாய அறிகுறிகளை ஒரு தாளில் எழுதினாள். ஒரு பிரதி வருங்கால அறைத்தோழிக்கு, ஒன்று விடுதிக் காப்பாளருக்கு. மூன்றாவதை அத்தானிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, இரண்டு முறை படித்துவிட்டு, "இதெல்லாம் எனக்குத் தெரியாதே" என்றார். அக்கா எதுவும் சொல்லவில்லை.