பந்தும் பற்றும்

உதைபந்தாட்டத்தில் பந்தைத் தம் அணியிடமே வைத்திருக்கப் பழக்கும் 'றொண்டோ' என்னும் ஸ்பானியப் பயிற்சியில், வட்டமாக நிற்போர் நடுவில் உள்ள இருவரிடம் அகப்படாமல் ஓரிரு தொடுகையிலேயே பந்தைப் பிறருக்குக் கடத்துகின்றனர். தனக்கென நிறுத்திக்கொள்பவரே பெரும்பாலும் அதை இழந்து நடுவே செல்ல நேர்வதால், உடைமை என்பது எது என்னும் வினா இங்கே உண்மையாகவே எழுகிறது.

யாழ்ப்பாணத் தீவுகளுள் வேலணையிலிருந்து கடல்வழிப் பாலத்தால் வந்து சேரும் அடியவர்களைக் குறிகட்டுவான் துறையில் படகேற்றி நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் அனுப்பிவைக்கும் புங்குடுதீவுக்கு, பெற்றதைக் கடத்துதல் புதிதன்று. உடைமை பற்றிய அவ்வினாவைத் தொடும் சைவ சித்தாந்தம் உயிரின் அறிவை மறைக்கும் மலத்தை ஆணவம் என்று பெயரிட்டு, 'யான், எனது' என்னும் செருக்கை அதன் விளைவாகக் காண்கிறது. பந்தைக் கடத்தும் கால் 'எனது' என்பதை ஒரு கணம் விடுகிறது. ஆயினும் அவ்விடத்தில் 'எமது' என்னும் பற்று எஞ்சுவதால், அதனை வீடுபேற்றுக்குரிய துறவு எனக் கொள்ளுதல் மிகையாகும்.