இற்றுப்போன துணிக்கு ஒட்டு எதற்கு?



கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடலாம். நூலே இற்றுப்போன சட்டைக்கு ஒட்டு நிற்குமோ? ஊசி பட்ட இடமெல்லாம் புதிதாய்க் கிழியும். சமுதாய அமைப்பும் அப்படித்தான்.

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு, அரபாத் பெருவெளியில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வட்டியை ஒழித்தார்கள். விகிதத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. ஏழைக்கு மட்டும் விலக்குத் தரவுமில்லை. கொடுத்த முதல் கொடுத்தவருக்கே உரியது, வட்டியோ முழுவதும் தள்ளுபடி என்றார்கள். முதலில் தள்ளியது யாருடைய வட்டியை? தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டிய வட்டியை!

நம் பேராக் மாநிலமும் இதற்கோர் பாடம் வைத்திருக்கிறது. 1950-களிலும் 60-களிலும் மலாயாவில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல ரப்பர்த் தோட்டங்களை விற்றுச் சென்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினார்கள். பால்மரம் வெட்டிய குடும்பங்கள் வேலையை இழந்த அன்றே லயத்து வீட்டையும் இழந்தன. அவர்களுக்கு அரிசி கொடுப்பதும், கடைப் பற்றைத் தள்ளுவதும் நன்மைதான். ஆனால் வேலையும் கூரையும் ஒரே முதலாளியின் கையில் இருக்கும் வரை அது ஒட்டு வேலையே.

சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் அவர்கள் வேறு வழி கண்டார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டி, நூறு வெள்ளிப் பங்கு சேர்த்தார். 1961-இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்துக்குச் சொந்தமாயிற்று. பால் வெட்டியவரே பங்குதாரரானார். எல்லாத் தோட்டங்களையும் காக்க இயலவில்லை. ஆயினும் நோயின் வேரைத் தொட்ட மருந்து அது.

ஜெலாப்பாங் வியாபாரிகளாகிய நாம் நம் கடை வாசலைப் பார்ப்போம். ஜக்காத்தை முறைப்படி செலுத்துகிறோம். அதற்கு மேல் நாம் கையால் கொடுக்கும் தர்மம் எப்படிப் போகிறது? ரமலானில் இருநூறு பேருக்கு ஐந்து ஐந்து வெள்ளி. சென்ற ஆண்டு நீண்ட கைகளே இவ்வாண்டும் நீள்கின்றன. கொடுத்த நமக்கு மனநிறைவு. வாங்கியவருக்கு ஒரு வேளைச் சோறு. அந்த ஆயிரம் வெள்ளி ஒரு விதவைக்குத் தையல் இயந்திரமாகவோ, ஓர் இளைஞனுக்கு வட்டியில்லாக் கைமுதலாகவோ ஆகக்கூடாதா? தனிக் கடையால் இயலாததைப் பத்துக் கடைகள் சேர்ந்து செய்யலாமே! பசித்தவனுக்கு இன்றைய சோறும் வேண்டும். அதை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு கடமை முடிந்ததென்று கணக்கை மூடிவிடுவதுதான் தவறு.

பெருமானார் தம் குடும்பத்தில் தொடங்கினார்கள். நாம் நம் கல்லாவில் தொடங்குவோம். இன்று வரிசையில் நிற்பவர், நாளை சரக்கு வாங்க நம் கடையேறட்டும். எல்லாம் வல்ல அல்லாஹ் அதற்குத் தௌபீக் செய்வானாக! ஆமீன்.