தூரத்துப் பார்வையும் கிட்டத்துப் பார்வையும்



1968-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி. நம் நாட்டில் மக்கள் நள்ளிரவுப் பூசைக்கு ஆயத்தமாகும் இரவு பத்து மணி. அந்நேரத்தில், அப்பொல்லோ-8 கலத்தில் சந்திரனைச் சுற்றிவந்த அமெரிக்கர் மூவரில் ஒருவரான வில்லியம் ஆண்டர்ஸ் ஒரு படம் பிடித்தார். சாம்பல் நிறமான சந்திரத் தரைக்கு மேலே, ஒரு பக்கம் இருளும் ஒரு பக்கம் ஒளியுமாக நம் பூமி நீல உருண்டையாய்த் தோன்றும் அந்தப் படத்தை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள்.

அவர்கள் போனது சந்திரனைப் பார்க்க. முதல் மூன்று சுற்றுகளில் சன்னல்கள் சந்திரத் தரையை நோக்கியிருந்தபடியால் பூமி எழுவதை அவர்கள் காணவில்லை. நான்காம் சுற்றில் கலம் திரும்பிற்று; பூமி கண்ணில் பட்டது. முன்னும் அது அங்கேதான் இருந்தது. அடுத்த சில மணி நேரத்தில் அம்மூவரும், சர்வேசுரன் உலகைப் படைத்த வரலாற்றை ஆதியாகமத்திலிருந்து வாசித்தார்கள். உலகமெங்கும் மக்கள் கேட்டார்கள்.

இப்போது நம்மவர்களும் இப்படிப் படம் பிடிக்கிறார்கள். நம் தாம்பரத்துக் கல்லூரி ஒன்றில் படித்த வீரமுத்துவேல் அவர்கள் திட்ட இயக்குநராயிருந்த சந்திரயான்-3, 2023 ஜூலை 14-ந் தேதி புறப்பட்ட அன்றே பூமியைப் படம் எடுத்தது. இத்தகைய படங்களில் எல்லைக்கோடு இல்லை, வேலி இல்லை, சாதித் தெரு இல்லை. ஆகவே மனிதர் எல்லோரும் ஒரே குடும்பம் என்கிறோம். உண்மைதான். ஆனால் அப்படிக் கண்டுகொண்டால் மட்டும் மனிதன் நல்லவனாகிவிடுவானா?

ஆண்டர்ஸ் படம் எடுத்த மறுநாள் இரவு, கிறிஸ்து பிறந்த திருநாளன்று, அந்நாளைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கூலியாக நெல்லைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டதன் தொடர்பாக எழுந்த பகையில், பயந்து ஒரு குடிசைக்குள் ஒளிந்த ஏழைத் தாழ்த்தப்பட்ட மக்கள் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். சுமார் 3,80,000 கிலோமீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் அழகான நீல உருண்டை. கிட்டப் போய்ப் பார்த்தால் எரிகிற குடிசை. இரண்டும் ஒரே பூமிதான்.

தூரத்திலிருந்து மனித குலத்தை நேசிப்பது எளிது. அதற்குக் காசு செலவில்லை. அடுத்த வீட்டுக்காரனை நேசிப்பதுதான் கடினம்; ஏனெனில் அவனுக்குப் பெயர் உண்டு, பசி உண்டு, நம்மிடம் வரவேண்டிய பாக்கியும் உண்டு. சர்வேசுரனோ உலகை மேலிருந்து பார்த்தது போதுமென்று இருந்துவிடவில்லை. இறங்கி வந்தார், மாட்டுக் கொட்டிலில் பிறந்தார். பிடித்து வைத்த கூலி ஆண்டவர் செவியில் கூக்குரலிடுகிறது என்பது அர்ச். இயாகப்பர் எச்சரிக்கை. நமது பொது இல்லமாகிய பூமியைப் பற்றி 2015-ல் பாப்பரசர் பிரான்சிஸ் எழுதிய நிருபமும், பூமியின் கூக்குரலையும் ஏழையின் கூக்குரலையும் சேர்த்தே கேட்கச் சொல்கிறது.

நம் நாவலூரைப் பாருங்கள். பழைய மாமல்லபுரம் சாலையோரம் அடுக்கு மாடிகள் உயர்ந்து நிற்கின்றன. பத்தாம் மாடியிலிருந்து பார்த்தால் ஊர் அழகாயிருக்கிறது. அதைக் கட்டிய வடநாட்டுக் கூலியாளின் தகரக் கொட்டகை அங்கிருந்து தெரியாது. வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாளுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் வராவிட்டால் சம்பளத்தைப் பிடிக்கிறோம். ஞாயிறன்று பூசையில் சகோதரரே என்று பாடுகிறோம். நம் சன்னல் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது?

மனந்திரும்புதல் என்ற சொல்லிலேயே திரும்புதல் இருக்கிறது. இந்த வாரம் ஆத்தும சோதனை செய்யும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: என்னிடம் வேலை செய்கிறவர் யாருக்காவது நான் கொடுக்க வேண்டியது பாக்கி இருக்கிறதா? இருந்தால், அடுத்த ஞாயிறு பூசைக்கு வருமுன் கொடுத்துவிட்டு வாருங்கள்.