மணலா, சேறா

பாலமீன்மடு வெளிச்சவீட்டைப் பின்னால் விட்டுக் கிழக்கே போனால், தம்பி எஞ்சினை நிறுத்துகிற இடம் ஒன்று வரும். அந்த இடத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. மற்ற இடங்களில் உள்ள அதே நீலம்தான். கரையில் எந்தத் தென்னந்தோப்பும் எந்தக் கோபுரமும் ஒரே கோட்டில் வரவேண்டும் என்று பழைய ஆட்கள் கணக்கு வைத்திருந்தார்கள். இப்போது தம்பி கையடக்கக் கருவியைப் பார்த்தே நிறுத்துகிறான். கீழே ஐம்பது மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில், அறுநூறு அடி நீளத்தில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் கிடக்கிறது.

மட்டக்களப்பு மீனவர்களுக்கு அது நல்ல மீன் கிடைக்கிற இடம். சுழியோட வருகிற வெளிநாட்டுக்காரருக்கு வாழ்நாள் ஆசை. தம்பி அவர்களைக் கூட்டிப் போய்த்தான் பிழைக்கிறான். நான் முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், பேச்சுத்துணைக்கு என்னையும் சில நாள் ஏற்றிக்கொள்வான். அவன் கோயில் குளம் என்று அலைகிறவன் அல்ல. ஆனாலும் கப்பலின் மேல் நங்கூரம் போடமாட்டான். தள்ளிப்போய் மணலில்தான் கயிற்றை இறக்குவான். ஏனென்று கேட்டால், "ஆக்கள் கிடக்கிற இடம் அண்ணா" என்பான். அந்த ஒரு வரிக்குள் இருக்கிற கேள்வியைத்தான் நான் பல வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். கடலுக்குள் போன போர்க்கப்பலை மேலே எடுப்பதா, அல்லது உள்ளே கிடப்பவர்களோடு அப்படியே விடுவதா?

1942 ஏப்ரல் 9 காலை. திருகோணமலையை ஜப்பானிய விமானங்கள் தாக்கப்போகின்றன என்ற எச்சரிக்கை முதல் நாளே வந்துவிட்டதால், ஹேர்மிஸ் இரவோடு இரவாகத் துறைமுகத்தை விட்டுத் தெற்கே வந்திருந்தது. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது. ஆனால் அன்றைக்கு அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. திரும்பித் திருகோணமலைக்குப் போகும் வழியில் எங்கள் கடலில் வைத்து ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் பிடித்துக்கொண்டன. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. கப்டன் ரிச்சர்ட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் போனார்கள். கூட வந்த அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரில் ஒன்பது பேர். வைற்றா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் பக்கத்தில் இருந்ததால்தான் தண்ணீரில் தத்தளித்த நூற்றுக்கணக்கானோர் உயிரோடு கரை சேர்ந்தார்கள்.

இளவயதில் இதற்கு என்னிடம் சுலபமான பதில் இருந்தது. நாங்கள் எரிக்கிற சாதி. எரித்து, அஸ்தியைத் தண்ணீரில் விட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடித்தால், உடம்புக்கும் உயிருக்கும் இருந்த கணக்குத் தீர்ந்தது. அதன்பிறகு போய் நிற்பதற்கு ஒரு கல்லறை கிடையாது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தக் கரையில் நின்று எள்ளும் தண்ணீரும் இறைப்போம். அப்பா எந்த மண்ணில் இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை, அவர் தண்ணீரில்தான் இருக்கிறார். அப்படியிருக்க, 'போர்க் கல்லறை' என்பது புதைக்கிற சமயத்தாரின் கவலை என்று நினைத்திருந்தேன். ஹேர்மிஸில் போனவர்களைக் கடலே வாங்கிக்கொண்டுவிட்டது. எடுத்தால் என்ன, விட்டால் என்ன?

2004 டிசம்பர் 26 அந்தப் பதிலை அடித்துக்கொண்டு போய்விட்டது.

என் தாய்மாமா நாவலடியில் இருந்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நாவலடி ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல்திட்டு. மாமா கல்யாணம் கட்டாதவர், கரைவலைக்குப் போகிறவர். சுனாமி அலை திட்டுக்கு மேலாலேயே போனது. மாமாவைக் கடல் திருப்பி இழுத்ததா, வாவிக்குள் தள்ளியதா என்பதை யாராலும் சொல்லமுடியவில்லை. உடல் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் பாடசாலைகளிலும் கிடத்தியிருந்த ஒவ்வொன்றையும் நான் போய்ப் பார்த்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

அம்மா அழவில்லை. ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தா. "மணலுக்க கிடக்கானா, சேத்துக்க கிடக்கானா?" கடலடி மணல், வாவியடி சேறு. சேறு என்றால் மூச்சு முட்டும் என்பதுபோல அவ அதை நினைத்தா. செத்தவனுக்கு மூச்சு ஏது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உடல் கிடைக்காதவருக்கும் எங்களிடம் வழி இருக்கிறது. தர்ப்பையால் ஓர் ஆள் உருவம் செய்து, அதையே உடலாகப் பாவித்து எரித்துக் கருமம் செய்யலாம் என்று குருக்கள் சொன்னார். அம்மா கேட்கவில்லை. "புல்லக் கொண்டாந்து எண்ட தம்பி எண்டு சொல்லாதீங்க" என்றா. எட்டுச்செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை. மூன்று வருடம் கழித்து, ஒரு நாள் காலையில் அவவாகவே, "மறுகா என்ன செய்யிற, அந்தப் புல்லச் செய்யச் சொல்லு" என்றா. மருமகன் நான்தான் கொள்ளி வைத்தேன். தர்ப்பை எரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த மூன்று வருடங்களில்தான் எனக்கு விளங்கியது. உடலை எரிக்கிறோம், கரைக்கிறோம், அடையாளம் வைப்பதில்லை என்பதெல்லாம் சரி. ஆனால் அதைச் செய்வதற்கு முதலில் உடல் கையில் வரவேண்டும். விடுவதற்கு முன்னால் ஒரு முறை தொடவேண்டும். எங்கள் ஊரில் யுத்த காலத்திலிருந்து இன்றுவரை மகனைத் தேடுகிற தாய்மார் இருக்கிறார்கள். கூட்டிக்கொண்டு போகப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட மகன்மார். மரணச் சான்றிதழை நீட்டினால் அந்தத் தாய்மார் வாங்க மறுக்கிறார்கள். கணவனைக் காணாத பெண்கள் பொட்டை அழிப்பதில்லை. அவர்களிடம் போய் ஆன்மா அழியாதது என்று தத்துவம் பேசுகிறவனை நான் மதிக்கமாட்டேன்.

ஆகவே கேர்ஸ்க்கைத் தூக்கியது சரி என்பேன். 2000 ஆகஸ்ட் 12 அன்று பேரன்ற்ஸ் கடலில் அந்த ரஷ்ய நீர்மூழ்கி 118 பேரோடு அடியில் போய் அமர்ந்தது. வெடிப்புக்குப் பின்னும் 23 பேர் பின்பக்கத்து ஒன்பதாம் அறையில் உயிரோடு இருந்தார்கள். திமித்ரி கொலெஸ்னிக்கோவ் என்ற அதிகாரி அந்த இருட்டில் தட்டுத்தடவி எழுதிய கடிதம் அவருடைய உடலோடு கிடைத்தது. அடுத்த வருடம் ஒக்டோபரில் கப்பலையே தூக்கினார்கள். கடைசியில் 115 பேரின் உடல்கள் குடும்பங்களிடம் போய்ச் சேர்ந்தன. கடலடி புனிதமானது, அமைதியாகத் தூங்கட்டும் என்று அன்றைக்கு ஒருவர் சொல்லியிருந்தால், அது மனைவிமாரின் வாயை அடைக்கிற பேச்சாகவே இருந்திருக்கும். கரையில் அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கிடைத்த அளவுகோல் இதுதான். ஆழமோ, கப்பல் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்பதோ, எத்தனை வருடம் கழிந்தது என்பதோ எனக்கு இரண்டாம் பட்சம். கரையில் யார் காத்திருக்கிறார்கள்? காத்திருப்பவர் கேட்டால், முடிந்தவரை எடுத்துக் கொடுக்கவேண்டும். கேட்பதற்கு யாருமில்லாத காலம் வந்துவிட்டால், எடுக்கிற உரிமையும் அவர்களோடேயே போய்விட்டது.

இது எல்லா இடத்திலும் பொருந்துகிறதா என்றால், இல்லை. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் 1864இல் மூழ்கிய ஹன்லி என்ற சிறு நீர்மூழ்கியை 2000இல் எடுத்தார்கள். காத்திருந்த விதவைகள் எல்லோரும் எப்போதோ போய்விட்டார்கள். ஆராய்ச்சிக்காக எடுத்ததுதான். ஆனாலும் உள்ளே இருந்த எட்டுப் பேரின் எலும்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, 2004இல் சார்ள்ஸ்ரன் நகரில் முழு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள், பெருங்கூட்டம் பின்னால் நடந்தது. அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்பின் தெரியாத எட்டுப் பேருக்காக ஒரு ஊர் தெருவில் இறங்கி நடந்ததே. மறுபக்கம் பேர்ள் துறைமுகத்து அரிசோனா. 1941 டிசம்பர் 7இல் 1177 பேர் போன கப்பல். பெரும்பாலோர் இன்னும் உள்ளேதான். உயிர் தப்பியவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர், பிள்ளை குட்டி பெற்று முதுமையில் இறந்தபின், தங்கள் சாம்பலை அந்தக் கப்பலுக்குள்ளேயே வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். சுழியோடிகள் பெட்டியை வாங்கிக்கொண்டு இறங்கி உள்ளே வைத்தார்கள். கடைசியாக 2019இல் லோரன் புரூனர் போனார். எழுபத்தெட்டு வருடம் கழித்துத் தன்னுடைய ஆட்களிடம். சாம்பலைத் தண்ணீரில் விடுகிற எங்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. அந்தக் கப்பலை இனி யார் எடுக்க முடியும்? தப்பிப் பிழைத்தவர்களே அதற்குள் திரும்பிப் போய்விட்டார்களே.

யாரும் கேட்காமலே எடுபடுகிற கப்பல்களும் உண்டு, அதுதான் என்னை உண்மையில் கொதிக்கவைக்கிறது. 1942 பெப்ரவரியில் ஜாவாக் கடலில் மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்கள் டி ரய்ற்றர், ஜாவா. அட்மிரல் கரெல் டோர்மன் அந்த டி ரய்ற்றரோடுதான் போனார். எழுபத்தைந்தாம் ஆண்டு நினைவுக்காக 2016இல் சுழியோடிகள் போய்ப் பார்த்தபோது கப்பல்களைக் காணோம். கடலடியில் கப்பல் கிடந்த பள்ளம் மட்டும் அச்சுப்போலக் கிடந்தது. இரும்புக்கும் வெண்கலத்துக்குமாக வெட்டி அள்ளிவிட்டார்கள். உள்ளே கிடந்தவர்களை எங்கே கொட்டினார்கள்? மலேசியக் கடலில் 1941 டிசம்பர் 10இல் 840 பேரோடு போன பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், றிப்பல்ஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல்களிலும் இதே கொள்ளை. 2023இல் மலேசிய அதிகாரிகள் ஒரு சீனக் கப்பலைப் பிடித்தபோது பழைய இரும்போடு பழைய குண்டுகளும் இருந்தன. இத்தகைய இடங்களைக் காக்க பிரித்தானியாவில் 1986இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்நியக் கடலில் அது தன் நாட்டவரை மட்டும்தான் கட்டுப்படுத்தும். இரும்பு அள்ளுகிறவனுக்கு அது காகிதம்.

நான் ஏன் கொதிக்கிறேன் என்று தம்பி கேட்டான். எங்களுக்குத் தெரியாதா? எரிக்கிற வழக்கத்தில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளை யுத்த காலத்தில் புதைத்தார்கள், வரிசையாகக் கல்லறை கட்டினார்கள், தாய்மார் கார்த்திகையில் போய் விளக்கேற்றினார்கள். பிறகு அந்தத் துயிலும் இல்லங்கள் இடித்து நிரவப்பட்டன. அந்த யுத்தத்தைப் பற்றி யாருக்கு என்ன அபிப்பிராயமும் இருக்கலாம். மகனின் கல் இருந்த இடம் எது என்று வெறுந்தரையில் காலால் தேடிய ஒரு தாயை நான் பார்த்திருக்கிறேன். ஜாவாக் கடலடியில் இருக்கிற அந்தப் பள்ளத்தைப் பற்றி வாசித்தபோது அவவின் கால்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

எல்லாப் பழைய கப்பலும் தொடக்கூடாதது என்று இதற்கு அர்த்தமில்லை. ஹேர்மிஸ் போன அதே காலையில் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டுபட்டு எரிந்த சகாயிங் என்ற பயணிகள் கப்பலை, கடற்படைச் சுழியோடிகள் மாதக்கணக்கில் பாடுபட்டு 2018 மார்ச்சில் மிதக்கவைத்தார்கள். அதன் வெறுங்கூட்டைக் கைவிட்டு, பிற்பாடு வேண்டுமென்றே அமிழ்த்தி இறங்குதுறையாகப் பாவித்தது அந்தக் கால நிர்வாகமே. அது ஒரு கல்லறையாக இருந்ததில்லை. துறையை அடைத்துக் கிடந்ததை எடுத்தது நல்ல வேலை. ஸ்கொட்லாந்துக் கடலடியில் கிடக்கிற றோயல் ஓக் என்ற போர்க்கப்பலில் இருந்து கசிந்த எண்ணெயைக் கவனமாக உறிஞ்சி எடுத்தார்கள். உள்ளே கிடப்பவர்களைக் குழப்பாமல் கடலையும் காப்பாற்ற முடிகிறது. வருடந்தோறும் சுழியோடிகள் இறங்கி அந்தக் கப்பலில் கொடியை மாற்றிவிட்டு வருகிறார்கள். அதை வாசித்ததும் கோயில் கொடிமரத்தில் வஸ்திரம் மாற்றுவது நினைவில் வந்தது.

அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் அப்பா, அம்மா, மாமா என்று பெயர் சொல்லி இறைத்து முடித்தபின், கடைசியில் இறைக்க இன்னும் ஒரு கை தண்ணீர் இருக்கிறது. தமக்கென்று யாருமில்லாமல் போனவர்களுக்கானது. அம்மா இருந்தபோது பின்னால் நின்று, "கப்பலில கிடக்கிற புள்ளயளுக்கும் சொல்லு" என்பா. அவர்கள் வெள்ளைக்காரர், கிறிஸ்தவர்கள் என்பது அவவுக்குத் தெரியும். அது ஒரு தடையாக அவவுக்குப் படவேயில்லை.

போன முறை கடல் அடங்கியிருந்த ஒரு சித்திரை நாளில் ஒரு கிழவர் வந்தார். சுழியோட வரவில்லை, அந்த வயதில் முடியாது. மகள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டா. 1942இல் தாயின் வயிற்றில் இருந்தவர், தகப்பனைக் கண்டதில்லை. காத்திருக்கிறவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள் என்று நான் போட்டுவைத்திருந்த கணக்கு அந்த இடத்திலேயே பிழைத்தது. தம்பி எஞ்சினை நிறுத்தினான். கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிரார்த்தனை ஏதாவது செய்வார் என்று நாங்கள் பேசாமல் இருந்தோம். வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கப்பலை எடுக்கவேண்டும் என்று நினைக்கிறீர்களா என்று கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

அவர்தான் கேட்டார். கீழே மணலா, சேறா என்று.

நான் தமிழில் மாற்றிச் சொல்லவேண்டிய நேரம். முடியவில்லை. தம்பி என் முகத்தைப் பார்த்தான். பிறகு கேள்வியைத் திக்கித்திக்கிச் சொன்னேன்.

"மணல்" என்றான் தம்பி. "நல்ல வெள்ளை மணல் எண்டு சொல்லு அண்ணா."