வெள்ளைக்கல் பூமி

தாதுப்பொருளின் பெயரிலேயே சேலத்தில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது: மேக்னசைட் ஜங்ஷன். வெள்ளக்கல்பட்டி, செட்டிச்சாவடிப் பக்கம் வெளுத்துக் கிடக்கும் மேடுகளில் வெட்டியெடுத்த தாது அது.

அந்த மேடுகளின் அடியில் இருப்பது டூனைட். பூமியின் ஆழத்தில் பிறந்து, எரிமலையாக வெடிக்காமலே இறுகிப்போன பாறை. அது மக்கிய மண்ணில் மக்னீசியம் ஏராளம். கால்சியம், பாஸ்பரஸ், பொட்டாசியம் சொற்பம். போதாக்குறைக்கு நிக்கலும் குரோமியமும். பக்கத்திலேயே நிமிர்ந்து நிற்கும் சேர்வராயன் மலையோ சார்னோக்கைட் பாறை. அது மக்கிய செம்மண்ணில்தான் ஏற்காட்டுக் காப்பி விளைகிறது. (உயரமும் மழையும் அங்கே துணைக்கு உண்டு, எல்லாப் பெருமையையும் பாறைக்கே கொடுத்துவிடக் கூடாது.)

வளமான மண்ணில்தான் செடிவகை பெருகும் என்று நினைப்போம். தீவுகள் வேறு கணக்குச் சொல்கின்றன. மொரீஷியஸில் நம்மவர்கள் கரும்பு நட்டது எரிமலைப் பசால்ட் மண்ணில். கல்லைப் பொறுக்கிக் குவித்துவிட்டால் பயிர் வந்துவிடும். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள நியூ கலிடோனியாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிலம் சேலத்து வெள்ளைக்கல் மேட்டின் இனத்துப் பாறை. எதுவும் சுலபமாக வளராது. ஆனால் அத்தீவின் இயல்தாவரங்களில் சுமார் முக்கால்வாசி உலகில் வேறெங்கும் இல்லாதவை. காற்றிலும் பறவையிலும் வந்து விழும் சாதாரண விதைகள் அந்த மண்ணில் தாக்குப்பிடிப்பதில்லை. தாக்குப்பிடித்த சிலவற்றுக்குப் போட்டியே இல்லை. காலப்போக்கில் அவையே பல இனங்களாகக் கிளைத்துவிட்டன. அங்கே பிக்னாண்ட்ரா அக்யூமினாட்டா என்றொரு மரம், நம் இலுப்பையின் குடும்பம்தான். பட்டையைக் கீறினால் நீலப்பச்சைப் பால் வடியும். உலர்ந்த பாலில் கால்பங்கு வரை நிக்கல்!

சேலத்து மேட்டைச் சுற்றிக் கடல் இல்லை. நாலாபுறத்து விதையும் அன்றாடம் வந்து விழுகிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக இரும்பாலை உலைக்கான செங்கலுக்கென்று தோண்டியும் ஆயிற்று. ஆகவே நியூ கலிடோனியா அளவுக்கு அதிசயத்தை இங்கே எதிர்பார்ப்பது பேராசை. ஆனாலும் அடிவாரத்தில் பெய்வது ஒரே மழை, அடிப்பது ஒரே வெயில், மாறுவது பாறை மட்டும். இப்படியொரு சோதனைக்கூடம் எளிதில் அமையாது. கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. தாவரவியல் படிக்கும் பிள்ளைகள் ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒரு நடை போய், செம்மண்ணோடு நின்றுவிடும் செடி எது, வெள்ளைக்கல்லுக்குள்ளும் வேர்விடுவது எது என்று குறித்துவரலாம்.